கடல் கேட்கும் கமிஷன்

அந்தமானில் ஃபிரான்சைஸ் கடை திறக்க எவ்வளவு பணம் வேண்டும்? நிறுவனங்கள் சொல்லும் தொகையில் கப்பல் செலவு சேர்வதில்லை.

சென்னைக்கும் ஸ்ரீ விஜய புரத்துக்கும் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) நடுவே கடல் சுமார் 1,200 கி.மீ. பயணிகள் கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் பயணம். சென்னையில் பெட்டியில் அடைத்த பிஸ்கட் பாக்கெட் இந்தத் தூரத்தைக் கடந்து அபர்டீன் பஜாருக்கு வரும்போதும் அதன் மேல் அச்சிட்ட விலை மாறுவதில்லை. தி.நகரில் என்ன விலையோ அதே விலைதான். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். கப்பல் கட்டணம், ஏற்று இறக்குக் கூலி, வழியில் நசுங்கியது, நனைந்தது எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தன் லாபத்திலிருந்து கொடுத்தாக வேண்டும். அவர் யார்? தீவில் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர்ப் பலகையை மாட்டிக் கடை திறக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பதில் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

ஃபிரான்சைஸ் கடை மீது ஆசை வருவதில் வியப்பில்லை. அரசு உத்தியோகமே பெரிய வாழ்வாதாரமாக இருந்துவந்த தீவுகள் இவை. ஓய்வு பெறும்போது பணிக்கொடையும் சேமநிதியும் மொத்தமாகக் கைக்கு வருகின்றன. பிள்ளைக்குத் தீவிலேயே ஒரு பிழைப்பு வேண்டும். வியாபாரப் பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு ஏர்-கண்டிஷன் கடை, கம்ப்யூட்டர் பில், எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆகியவை பாதுகாப்பாகத் தோன்றுகின்றன. போடப்போவது பெரும்பாலும் ஒரே ஒரு முறை கிடைக்கும் பணம். அதனால் கணக்கை ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

சந்தை எவ்வளவு பெரியது? 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. இவர்களில் 2,38,142 பேர் தெற்கு அந்தமான் மாவட்டத்தில் இருந்தார்கள். வடக்கு, நடு அந்தமானில் 1,05,597. நிக்கோபாரில் 36,842. நூற்றுக்கு 15 பேருக்குத் தமிழ் தாய்மொழி. வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம் அதற்குத்தான். ஆக, தலைநகரைச் சுற்றித்தான் ஒரு சிறு நகரத்தின் வியாபாரம் இருக்கிறது. மற்ற மக்கள் முப்பது சொச்சம் தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனால் அவர்கள் வருவது பருவத்தைப் பொறுத்தது.

பலகைக்கு விலை

ஃபிரான்சைஸ் என்றால் அடிப்படையில் வாடகைதான். பெயர், கடையின் அமைப்பு, சரக்கு வரும் வழி, கணக்கு முறை ஆகியவை நிறுவனத்துடையவை. இடம், முதல், உழைப்பு கடைக்காரருடையவை. இதற்கு நிறுவனம் பொதுவாக மூன்று விதத்தில் பணம் வாங்குகிறது: தொடக்கத்தில் ஒரு கட்டணம் அல்லது காப்புத்தொகை, மாதாமாதம் ராயல்டி, தான் அனுப்பும் சரக்கில் ஒரு லாபம். சில நிறுவனங்கள் முதலிரண்டையும் குறைத்துக்கொண்டு மூன்றாவதில் மட்டும் வாழ்கின்றன.

இந்தியாவில் பலருக்கும் தெரிந்த உதாரணம் அமுல் கடை. 100 முதல் 150 சதுர அடியில் திறக்கும் சிறிய கடைக்கு அந்த நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 2 லட்சம் ரூபாய். இதில் திரும்பக் கிடைக்காத பிராண்ட் காப்புத்தொகை 25,000. கடையைச் சீரமைக்க ஒரு லட்சம். மிச்சம் ஃப்ரீசர் முதலான சாதனங்களுக்கு. 300 சதுர அடி ஐஸ்கிரீம் பார்லருக்கு சுமார் 6 லட்சம். ராயல்டி கிடையாது. கடைக்காரரின் வரும்படி சரக்கின் அச்சிட்ட விலையில் ஒரு பங்கு: பாக்கெட் பாலில் 2.5 சதவீதம், பால் பொருட்களில் 10, ஐஸ்கிரீமில் 20.

இந்த மூன்று எண்களையும் தீவுக் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். பாக்கெட் பால் இரண்டு நாளில் கெடும், கப்பலில் ஏற முடியாது. ஐஸ்கிரீம் ஏறலாம், ஆனால் தொழிற்சாலையிலிருந்து கடை வரை குளிர் ஒரு மணி நேரம்கூட அறுந்துவிடக் கூடாது. தீவுகளில் மின்சாரம் பெரும்பாலும் டீசல் எரித்து எடுக்கப்படுகிறது. நெய்வேலி நிறுவனம் 2020-இல் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்த பிறகும் டீசலின் ஆட்சி முடியவில்லை. எனவே ஃப்ரீசர் விலையோடு ஜெனரேட்டர் விலையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. அமுல் பெயரில் போலி இணையதளங்கள் நடத்தி, கடை தருவதாகச் சொல்லி முன்பணம் வசூலித்தவர்கள் உண்டு. 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட தளங்களை முடக்க உத்தரவிட்டது. கடலுக்கு அப்பால் இருப்பவர் நேரில் போய் விசாரிக்க விமான டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கப் போய் முன்பணத்தையே இழப்பது நடக்கக்கூடியது.

இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டமும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர் தன் கணக்கு வழக்குகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. கேட்காத விவரத்தை நிறுவனம் தானாக எடுத்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெரிய கைகளே சுட்டுக்கொண்ட தொழில் இது. அமெரிக்காவின் செவன்-இலெவன் கடைகளை இந்தியாவுக்குக் கொண்டுவர ஃபியூச்சர் குழுமம் 2019-இல் ஒப்பந்தம் செய்தது. குறித்தபடி கடைகள் திறக்கவும் கட்டணம் செலுத்தவும் முடியாமல் 2021 அக்டோபரில் அது முறிந்தது. அதே மாதம் ரிலையன்ஸ் அந்த உரிமையோடு மும்பை அந்தேரியில் முதல் கடையைத் திறந்தது. டெல்லி வட்டாரத்தில் 2005 முதல் ட்வென்டி ஃபோர் செவன் கடைகளை நடத்திவந்த காட்ஃபிரே பிலிப்ஸ் நிறுவனம், அந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக 2024-இல் முடிவெடுத்தது. அவர்களுக்குத் தாங்க வேறு தொழில்கள் இருந்தன. பணிக்கொடையைப் போட்டவருக்கு அது இல்லை.

காகிதங்கள்

உரிமங்களின் பட்டியல் நீளம், செலவு குறைவு. கடை நகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகராட்சியின் வணிக உரிமம், கிராமம் என்றால் பஞ்சாயத்தின் அனுமதி. கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறையில் பதிவு. உணவுப் பொருள் விற்பதால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ உரிமமோ வேண்டும். எது என்பதை விற்றுமுதல் தீர்மானிக்கும். எலெக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். 2022 ஜூலை முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நாடு முழுவதும் தடை. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது. சின்னக் கடைகளின் கல்லாவில் சிகரெட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பதால், இடம் பார்க்கும்போதே இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்த 2017-க்கு முன் அந்தமானில் விற்பனை வரியே கிடையாது. அது பழங்கதை. பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ராயல்டி, ஃபிரான்சைஸ் கட்டணம் இரண்டின் மீதும் 18 சதவீத வரி உண்டு. பதிவு பெற்ற கடை இதை வரவில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத சிறிய கடைக்கு அது முழுச் செலவு.

தீவில் அதிகம் சிக்கல் தரக்கூடிய காகிதம் நிலத்தைப் பற்றியது. குடியேறியவர்களுக்கு விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்த நிலங்கள் இங்கே ஏராளம். 1966-ஆம் ஆண்டு நில வருவாய் ஒழுங்குமுறையின்படி, அப்படிப்பட்ட நிலத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த வகை மாற்ற அனுமதி வேண்டும். வாடகைக்குப் பிடிக்கும் கட்டடம் எந்த வகை நிலத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் லட்சக்கணக்கில் உள் அலங்காரம் செய்தால், ஒரு நோட்டீஸில் எல்லாம் நின்றுவிடும்.

அச்சிட்ட விலையின் சுவர்

உண்மையான செலவு இனிமேல்தான் தொடங்குகிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள், அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்கின்றன. நுகர்வோருக்கு நல்ல விதி. ஆனால் கடல் கடந்து வந்த செலவை விலையில் ஏற்ற வழியில்லாததால், அது கடைக்காரரின் பங்கையே கடிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை. அவரவர் எண்களை அவரவர் போட்டுக்கொள்ளலாம். ஒரு கடை நாளுக்கு 10,000 ரூபாய்க்கு விற்கிறது. மொத்த லாபம் 12 சதவீதம். மாதம் 3 லட்சம் விற்பனை, அதில் லாபம் 36,000, சரக்கின் கொள்முதல் 2,64,000. ராயல்டி விற்பனையில் 3 சதவீதம், அதாவது 9,000. வரியோடு 10,620.

இந்தக் கடை மதுரையில் இருந்தால் நிறுவனத்தின் வண்டி வாசலில் சரக்கை இறக்கிவிட்டுப் போகும். ஏழு நாள் சரக்கு கையிருப்பு போதும். அதில் முடங்கும் பணம் 61,600. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 616. கெட்டுப்போவது அரை சதவீதம் என்றால் 1,320. ராயல்டியையும் கழித்தால் மீதி 23,444.

அதே கடையை ஸ்ரீ விஜய புரத்தில் வையுங்கள். ஆர்டர் கொடுத்து, கப்பல் கிடைத்து, சரக்கு வந்து, அடுத்த கப்பல் தாமதமானாலும் அலமாரி காலியாகாமல் இருக்க 35 நாள் சரக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடங்கும் பணம் 3,08,000. வட்டி மாதம் 3,080. கப்பல் கட்டணமும் கூலியும் கொள்முதலில் 4 சதவீதம் என்றால் 10,560. சேதமும் காலாவதியும் 2 சதவீதம் என்றால் 5,280. ராயல்டி அதே 10,620. மீதி 6,460 ரூபாய். வாடகை, மின்சாரம், பையனின் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான்.

அதாவது மாதம் சுமார் 17,000 ரூபாயைக் கடல் எடுத்துக்கொள்கிறது. ஃபிரான்சைஸ் நிறுவனம் கேட்கும் ராயல்டியைவிட அது அதிகம். எந்த விளம்பரத் துண்டறிக்கையிலும் இந்த வரி இருக்காது. நிறுவனம் மதுரைக் கணக்கை வைத்துத்தான் அச்சடித்திருக்கும்.

அப்படியானால் அபர்டீன் பஜாரின் சாதாரண மளிகைக் கடைகள் எப்படி நடக்கின்றன? அங்கே கடலின் சுமையைச் சில்லறைக் கடைக்காரர் தனியாகச் சுமப்பதில்லை. கப்பலில் மொத்தமாக வரவழைத்துக் கிடங்கில் அடுக்குபவர் மொத்த வியாபாரி. சில்லறைக் கடை அவரிடம் இரண்டு நாளுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். முகம் தெரிந்தவருக்குக் கடனும் உண்டு. ஒரு சரக்கு வரவில்லையென்றால் வேறு கம்பெனிச் சரக்கை வைக்கலாம். அரிசி, பருப்பு, காய்கறி போன்ற உதிரிச் சரக்கில் அச்சிட்ட விலை இல்லாததால் கப்பல் செலவை ஓரளவு விலையில் சேர்த்துக்கொள்ளவும் முடியும். ‘எங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும்’ என்று ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், இந்தத் தாங்கல்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

ஒகினாவாவின் பாடம்

ஃபிரான்சைஸ் கடைகளின் ஊற்றுக்கண் அமெரிக்கா. 1927-இல் டல்லாஸ் நகரில் ஐஸ் விற்ற ஒரு நிறுவனம் கூடவே பாலும் ரொட்டியும் முட்டையும் விற்கத் தொடங்கியதுதான் பின்னாளில் செவன்-இலெவன் ஆனது. ஆனால் அந்தத் தொழிலை நுணுக்கமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1974-இல் டோக்கியோவில் அங்கே முதல் செவன்-இலெவன் திறந்தது. அவர்கள் முறை எளிமையானது. ஒரு வட்டாரத்தில் நெருக்கமாகப் பல கடைகள் திறப்பார்கள். நடுவே ஒரு கிடங்கும் உணவுத் தொழிற்சாலையும் இருக்கும். நாளுக்குப் பல முறை வண்டி ஓடும். கடைக்குள் சரக்கு குறைவு, சுழற்சி வேகம். கடை சிறியதாக இருக்க முடிவதே பக்கத்தில் பெரிய கிடங்கு இருப்பதால்தான்.

அதே ஜப்பானின் தென்கோடியில் ஒகினாவா என்ற தீவு மாகாணம் இருக்கிறது. நாடு முழுவதும் பரவிவிட்ட செவன்-இலெவன் அங்கே எப்போது போனது தெரியுமா? 2019 ஜூலையில். முதல் கடைக்கும் இதற்கும் இடையே 45 ஆண்டுகள். போனபோது ஒற்றைக் கடையாகப் போகவில்லை. ஒரே நாளில் 14 கடைகள் திறந்தன, சோறும் சிற்றுண்டியும் தீவிலேயே தயாரிக்க ஏற்பாடு செய்துகொண்டு. அதற்கு வெகுநாள் முன்பே அங்கே கால் வைத்த ஃபேமிலிமார்ட் வேறு வழியில் போனது. உள்ளூரின் ரியூபோ குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து கடை நடத்தியது. இரண்டு வழியிலும் கடலின் சுமை தனித்தனிக் கடைக்காரர் தலையில் விழவில்லை.

சொந்த நாட்டிலேயே இவ்வளவு பெரிய நிறுவனம் கடலைத் தாண்ட இத்தனை யோசித்திருக்கிறது. அந்தமானில் தனியொரு கடையைத் திறக்கச் சொல்லும் எந்த நிறுவனத்திடமும் கேட்கலாம்: தீவில் உங்கள் கிடங்கு எங்கே இருக்கிறது? கிடங்கு இல்லையென்றால் கடைக்காரரே கிடங்கு. அதற்கான இடமும் முதலும் வட்டியும் அவருடையவை.

தலைநகரைத் தாண்டினால் சிக்கல் கூடும். ஸ்வராஜ் தீவு (2018 வரை ஹேவ்லாக்) போன்ற இடங்களுக்கு இன்னொரு படகுக் கட்டணம் உண்டு. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் படகுகள் நின்றபோது ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையின் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. பயணிகளுக்கே அந்த நிலை என்றால் சரக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே திக்லிபூர் நோக்கிப் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடக்கிறது. அங்கே குறித்த நேரங்களில், காவலோடு, வரிசையாகத்தான் வண்டிகள் போக முடியும். ‘நினைத்த நேரத்தில் சப்ளை’ என்பது இந்தச் சாலையில் செல்லாது.

நிக்கோபாரில் வேறு சட்டம்

நிக்கோபார் தீவுகளில் கடை வைக்கலாமா என்று கேட்பவர்கள் 1956-ஆம் ஆண்டு பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் படிக்க வேண்டும். காப்புப் பகுதிகளுக்குள் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. நிலம் வாங்க முடியாது. வியாபாரத்துக்கு நிர்வாகத்தின் உரிமம் வேண்டும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. தேங்காயையும் கொப்பரையையும் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கிய தீவுவாசிகள் வெளி வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம். எனவே ‘அந்தமான் நிக்கோபார் முழுவதற்கும் ஏரியா உரிமை’ என்று யாராவது காசு கேட்டால், அதில் கணிசமான நிலப்பரப்பு விற்கவே முடியாத பண்டம்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. முதலாவது, சரக்கு எந்த இடத்தில் கடைக்காரருடையதாகிறது? 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதலாம். அதாவது சென்னையில் லாரியில் ஏற்றிய நொடியிலிருந்து நனைவதும் நசுங்குவதும் தீவுக்காரரின் பாடு. அதே பிரிவு ஒரு பாதுகாப்பையும் தருகிறது. கடல் வழி அனுப்பும்போது, வழக்கமாக இன்ஷூரன்ஸ் செய்யும் இடங்களில், வாங்குபவர் இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளும்படி விற்பவர் தகவல் தர வேண்டும். தராவிட்டால் அபாயம் விற்பவருடையது. இதையெல்லாம் வாதாடி நிலைநாட்டுவதைவிட, ‘ஹேடோ துறைமுகத்தில் இறக்கும் வரை பொறுப்பு நிறுவனத்துடையது’ என்று ஒரு வரி எழுதி வாங்குவது சுலபம்.

இரண்டாவது, ராயல்டி எதன் மீது? விற்பனை மீது என்றால் லாபமே இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டும். மொத்த லாபத்தின் மீது என்றால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும். அதிலும் கப்பல் கட்டணத்தையும் சேதத்தையும் கழித்த பிறகு கணக்கிடச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கடையில் அப்படிக் கழித்தால் லாபம் 20,160. அதில் கால் பங்கு ராயல்டி என்றாலும் 5,040-தான், வரியோடு 5,947. விற்பனை மீதான ராயல்டிக்கு இது ஏறக்குறையப் பாதி.

மூன்றாவது, காலாவதிச் சரக்கை நிறுவனம் திரும்ப எடுக்குமா? சென்னைக்குத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? பிஸ்கட்டுக்கு ஆறு மாத ஆயுள் என்றால், தீவுக்கு வந்து சேரும்போது எத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

நான்காவது, உள்ளூரில் வாங்கும் உரிமை. ரொட்டி, முட்டை, தண்ணீர், இளநீர், காய்கறி ஆகியவற்றைக் கப்பலில் எதிர்பார்க்க முடியாது. கப்பல் குறித்த நாளில் வராவிட்டால் வேறு சரக்கை வைக்கவும் அனுமதி வேண்டும். இல்லையென்றால் காலி அலமாரிக்கு அபராதமும் கட்ட நேரும்.

ஐந்தாவது, நேரம். ஜப்பானில் ஹிகாஷி-ஒசாகா நகரின் ஒரு செவன்-இலெவன் கடைக்காரர், ஆள் கிடைக்காமல் 2019 பிப்ரவரியில் 24 மணி நேரக் கடையை 19 மணி நேரமாகக் குறைத்தார். நிறுவனம் 1.7 கோடி யென் அபராதம் என்று எச்சரித்தது. நாடெங்கும் அவருக்கு அனுதாபம் எழுந்தது. ஆனாலும் அந்த ஆண்டு முடிவில் ஒப்பந்தம் ரத்தானது. 2022-இல் ஒசாகா நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சூரியன் மாலை ஐந்தரைக்கே மறைந்துவிடும் தீவில் நள்ளிரவு வரை யார் வருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

ஆறாவது, வெளியேறும் வழி. கடையை மூடினால் இருக்கும் சரக்கை நிறுவனம் என்ன விலைக்கு எடுக்கும்? பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்கு அதே பெயரைக் கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தருமா?

லாபம் எங்கே?

இத்தனைக்குப் பிறகும் கடை நடக்குமா? நடக்கும், சரக்கின் கலவை மாறினால். அதே உதாரணக் கடை நாளுக்கு 25,000 விற்று, சராசரி லாபம் 18 சதவீதமாக உயர்ந்தால் மாத லாபம் 1,35,000. அதே விகிதத்தில் கப்பல் செலவு 24,600, சேதம் 12,300, வட்டி 7,175, ராயல்டி 22,500 கழித்தால் மீதி 68,425. (பதிவு பெற்ற கடை என்பதால் ராயல்டி மீதான வரி வரவில் கழிந்துவிடும்.) வாடகையும் இரண்டு பேர் சம்பளமும் கொடுத்துக் குடும்பமும் நடத்தலாம்.

பிஸ்கட்டும் சோப்பும் மட்டும் விற்று 18 சதவீதத்தைத் தொடுவது கடினம். டீ, காபி, வடை, சூடான சிற்றுண்டி ஆகியவற்றில் அச்சிட்ட விலை இல்லை, லாபமும் அதிகம். ஜப்பானியக் கடைகள் சோற்று உருண்டையை நம்பி வாழ்வதன் காரணமும் இதுவே. தீவில் இட்லி மாவும் மீன் கட்லெட்டும் அந்த வேலையைச் செய்யலாம். நிறுவனம் அனுமதித்தால்தான்.

பணத்துக்கு வங்கிகளில் வழி உண்டு. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு வியாபாரத்துக்கு 10 லட்சம் வரை கடன். முந்தைய கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு உச்சவரம்பு 20 லட்சம் ஆகும் என்று 2024 பட்ஜெட் அறிவித்தது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தீவுக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை: வெறும் வியாபாரக் கடைகளுக்குப் பொதுவாக இடமில்லாத அந்தத் திட்டம், 2021-22 முதல் 2025-26 வரைக்கான விதிகளில், வடகிழக்கு மாநிலங்களுக்கும் நக்சல் பாதிப்பு மாவட்டங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் விற்பனைக் கடைகளை அனுமதித்தது. திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. பெண்கள் விண்ணப்பித்தால் சொந்தப் பணம் 5 சதவீதம், மானியம் நகரில் 25, கிராமத்தில் 35 சதவீதம். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடைமுறையில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் நிறுவனம் அச்சடித்த எண்களை அப்படியே நகல் எடுக்காமல் இருப்பது முக்கியம். 35 நாள் சரக்கும் ஜெனரேட்டரும் சேராத அறிக்கைக்குக் கிடைக்கும் கடன், கடை திறந்த இரண்டாவது மாதமே போதாமல் போகும். அப்போது கைமாற்று வாங்கித்தான் அடுத்த கப்பலுக்கு ஆர்டர் கொடுக்க நேரும். கைமாற்று வட்டி 12 சதவீதத்தில் நிற்காது.

பெயர்ப் பலகை வேண்டாம் என்று சொல்லவில்லை. தரம், கணக்கு ஒழுங்கு, சுத்தம் ஆகியவற்றை ஒரு நல்ல நிறுவனத்திடம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்ததும் முதலில் பெயரையும் கட்டணத்தையும் தேட வேண்டாம். கப்பல் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த வரைவு தீவுக்காக எழுதப்படவில்லை. அதை எழுதி வாங்கும் வரை பணிக்கொடை வங்கியிலேயே இருக்கட்டும்.